இடது பக்கக் காவல்

பேப்பர்ல வந்த என் கடுதாசியப் பாத்துட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க? கரிவலத்துக்கும் தூத்துக்குடிக்கும் ரெண்டு பஸ்ஸு மாறணுமே. உக்காருங்க டீச்சர். அந்த ஃபேன் சத்தம் போடும், ஆனா காத்து வரும். மருமவ வேலைக்குப் போயிருக்கா, அதனால டீ நான் போட்டதுதான். சீனி கூடிப்போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க.

என்ன சொன்னீங்க? யாரு மவ?

பால்வண்ணம் மவளா?

இருங்க. கொஞ்சம் இருங்க, அந்தத் தண்ணிச் செம்ப இங்கிட்டு எடுங்க. ஒண்ணுமில்ல, வயசு எண்பதாச்சுல்லா, திடீர்னு ஒரு பேரக் கேட்டா மூச்சு வாங்குது. அப்ப நீங்க வயித்துல இருந்தீங்க. ஏழு மாசம். அவன் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். ஆணா இருந்தா என்ன பேரு, பொண்ணா இருந்தா என்ன பேருன்னு கப்பலே நாறும்படி பேசுவான். ஆவுடைச்செல்வின்னே வச்சிட்டாங்களா? நல்லது, நல்லது.

நீங்க கேக்கது எனக்கு வெளங்குது. அந்தக் கப்பல்ல செத்தது ஏழு பேரு, நெனவுக் கல்லுல வெட்டியிருக்கது ஆறு பேரு. ஏழாவது ஆளு உங்க அப்பா. காவல் எடத்த விட்டுப் போனவன்னு எழுதி வச்சிட்டாவ. உங்க அம்மா சாகுற வரைக்கும் அந்தக் கல்லுக்காக மனு எழுதுனாவ. இப்ப அம்பது வருச விழாவுக்கு அப்புறம் யாரோ ஒரு ஆபீசர் எரக்கப்பட்டு, அந்த நேரத்துல அவரு எங்க இருந்தாரு, ஏன் இருந்தாருன்னு கண்ணால பாத்த ஒருத்தரு எழுதிக் குடுத்தா ஏழாவது பேரையும் வெட்டுவோம்னு சொல்லியிருக்காவ. கண்ணால பாத்தவன்ல இன்னைக்கு உசுரோட இருக்கது இந்த லிகோரி மச்சாது ஒருத்தன்தான். அதுதான?

எழுதித் தாரேன். ஏன் தரமாட்டேன்? பேனா பேப்பர் கையிலயே கொண்டாந்திருக்கீங்க, டீச்சர்னா டீச்சர்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. ஆனா மொதல்ல என் வழக்கக் கேக்கணும். அம்பது வருசமா ஒருத்தனும் கேக்கல.

அந்தப் படம். அது யாரு எடுத்தது? நான் எடுத்தது. நெத்தியில வெயில் விழ, கண்ணச் சுருக்கிக்கிட்டு, நெஞ்சுல பைனாகுலரோட, கடலையே பாத்துக்கிட்டு நிக்கானே ஒரு கப்பல்காரன். ‘உறங்காத கண்கள்’னு மொதப் பக்கத்துல போட்டாவ. காலண்டர்ல போட்டாவ. ஆள் சேக்குற போஸ்டர்ல போட்டாவ. போன வருசம் கண்காட்சி வச்சு, வாசல்ல ஆள் ஒசரத்துக்கு அத நிறுத்தியிருந்தாவ. கீழ என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? எடுத்தவர் பெயர் தெரியவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அதுக்கு முன்னாலயே நிக்கேன்! அங்க இருந்த பொடியன்ட்ட, தம்பி இது நான் எடுத்ததுன்னு சொன்னேன். அவன் சிரிச்சிக்கிட்டே, தாத்தா வரிசையில வாங்கங்கான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான். அன்னைக்குத்தான் பேப்பருக்கு எழுதினேன்.

உங்க வீட்டுலயும் அதுதான் மாட்டியிருக்கா? காலண்டர்ல இருந்து வெட்டினதா? வேற படமே கெடையாதா, கலியாணப் படம்கூட? பாத்தீங்களா, பாத்தீங்களா. நான் எடுக்கலன்னா உங்க அப்பா மொகமே உங்களுக்குத் தெரியாது டீச்சர். இத நான் பெருமைக்குச் சொல்லல. நடந்ததச் சொல்லுதேன்.

நான் யாருன்னு தெரிஞ்சாத்தான உங்களுக்கு எழுத வரும். எங்க அப்பா தோணிக்காரரு. எனக்குக் கடல் ஆகாது, குமட்டும். பெரிய கோயில் பக்கத்துல ஒரு ஸ்டுடியோவுல பிரிண்ட் அலசிப் போடுத வேலைக்குப் போனேன். பத்தொம்பது வயசுல நேவியில போட்டோவுக்கு ஆள் எடுக்காவன்னு கேள்விப்பட்டு ஓடினேன். கடலுக்குப் பயந்து ஸ்டுடியோவுக்குப் போனவன், ஸ்டுடியோ வழியா கடலுக்கே போய்ச் சேந்தேன். என்ன எடுப்பேன்? மெடல் குத்துறது, கப்பலுக்குத் தேங்கா ஒடைக்கிறது, பெரிய ஆபீசர் வீட்டம்மா மாலையோட நிக்கிறது. பாய்லர் வெடிச்சுச் செத்தவனையும் எடுக்கணும், நாலு பக்கமும். சாப்பாட்டுக்கு முன்னால எடுக்கியா பின்னால எடுக்கியான்னு மட்டும்தான் கேப்பாவ. எட்டு வருசத்துல என் கை ஒரு தடவ நடுங்கினதில்ல. நல்ல படம்னா நல்ல படம், அதுல யாரு இருந்தா என்ன.

சண்டை வந்துச்சா. எழுவத்தொண்ணு டிசம்பர். என்னையத் தூக்கி ஒரு சின்னக் காவல் கப்பல்ல போட்டாவ. நாப்பத்து நாலு பேரு. தமிழ் பேசுறது நானும் உங்க அப்பாவும் மட்டும்தான். அண்ணாச்சி அண்ணாச்சின்னு பின்னாலயே வருவான். உம்ம ஊரு மீன் வாடையே இல்லியே அண்ணாச்சி உம்ம மேலன்னு கேலி பண்ணுவான். தங்கமான பிள்ள. எழுதிக்கிடுங்க, தங்கமான பிள்ள.

எனக்கு அதுல ஒரு வேலை குடுத்திருந்தாவ. சண்டைக்குப் போற கப்பல்ல இருக்க ஒவ்வொருத்தனையும் மார்பளவுக்கு ஒரு படம் எடுத்து, பேரு நம்பரோட ஒரு ரிஜிஸ்டர்ல வரிசையா வச்சிரணும். எதுக்குன்னு வாயால சொல்லமாட்டாவ. ஆனா கப்பல்ல சோறாக்குறவனுக்குக்கூடத் தெரியும். நாளைக்கு ஒருத்தன் போயிட்டான்னா பேப்பருக்குக் குடுக்க மொகம் வேணும்ல. அதனால என் ரிஜிஸ்டருக்கு உங்க அப்பா வச்ச பேரு சித்திரகுப்தன் ஏடு. நான் கேமராவத் தூக்குனா ஆளு ஆளுக்குக் கக்கூசுக்குள்ள போயி ஒளிவானுவ. அதுக்கு முந்தி நான் இருந்த ஒரு படகு, மொத்தப் பேரையும் எடுத்து முடிச்சு நான் எறங்கின நாலாம் நாளு காணாமப் போச்சு. அதுக்கு நான் என்ன செய்வேன்? எடுத்தா சாவான், எடுக்காட்டி பொழைப்பான்னா ஆசுபத்திரில டாக்டருக்குப் பதில் போட்டோகிராஃபரத்தான நிறுத்தணும்.

என்னையும் சேத்து நாப்பத்து மூணு பேர எடுத்துட்டேன். கெஞ்சி, மெரட்டி, பீடி வாங்கிக் குடுத்து எடுத்துட்டேன். ஒருத்தன் மட்டும் பாக்கி. உங்க அப்பா. பிள்ள பொறக்குத வரைக்கும் படம் எடுத்துராதிய, நெழல்கூட விழவிடாதியன்னு உங்க அம்மா கடுதாசியில எழுதியிருந்தாவளாம். அதக் காட்டுவான். அண்ணாச்சி, மாசி மாசம் வரைக்கும் பொறும், அப்புறம் பிள்ளயோட சேத்து எடும்பான். மாசி மாசம் வரைக்கும் சண்டை பொறுக்குமா? ரெண்டாம் நிலை ஆபீசர் தெனமும் ரிஜிஸ்டரத் தெறப்பாரு, அந்தக் காலிக் கட்டத்துல வெரல வைப்பாரு, என்னையப் பாப்பாரு. அந்த வெரலு இருக்கே, அது என் தூக்கத்துல வரும். நாப்பத்து மூணுல்லாம் ஒரு கணக்கா? ஒரு வேலையக் குடுத்தா முடிக்கணும். நீங்களும் டீச்சர்தான, ஒரு பிள்ளைக்கு மட்டும் மார்க் போடாம விட்டா ஒங்களுக்குத் தூக்கம் வருமா?

அன்னைக்குக் காலையில. சண்டை முடியப்போகுதுன்னு பேச்சு. கப்பலு வடக்கப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு. அந்தப் பக்கத்துக் கடல்ல எதிராளி மெதக்கும் வெடிகளப் போட்டு விட்டிருக்கான், கயிறு அறுந்து எங்கன வேணாலும் வரும்னு உத்தரவு வந்திருந்துச்சு. அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளு. அரைமணி நேரம் கண்ண எடுக்கக் கூடாது. எச்சி துப்பணும்னாலும் கடலப் பாத்துக்கிட்டேதான் துப்பணும். வலது பக்கம் ஒரு மலையாளத்துப் பையன். இடது பக்கம் உங்க அப்பா.

நான் மேல ஏறி வந்தேன். வடக்க போற கப்பலுக்குக் கெழக்கு வலப்பக்கம். வெயிலு அங்கதான். டீச்சர், அப்படி ஒரு வெளிச்சத்த நான் என் வாழ்க்கையில அப்புறம் பாக்கல. மஞ்சளும் இல்ல, வெள்ளையும் இல்ல. மொகத்துல பட்டா எலும்பு தெரியும். இடப்பக்கம் பூரா நெழலு. அங்க வச்சு எடுத்தா கரிச்சட்டிதான். ஒண்ணு எடுத்துப் பாத்தேன், முதுகுப் பக்கமா. ஒண்ணுக்கும் ஆவாது.

ஏல பால்வண்ணம், ஒரு நிமிசம் இங்க வான்னேன். திரும்பாமலே, அண்ணாச்சி போயிரும், நான் காவல்ல நிக்கேன்னான். ரிஜிஸ்டருக்கு இல்லடே, உன் பொண்டாட்டிக்கு அனுப்புதேன், சத்தியமா அவளுக்குத்தான்னேன். உம்ம சத்தியம் எனக்குத் தெரியாதான்னு சிரிச்சான். மூணாந் தடவ, ஏல, வெளிச்சம் போயிரும்ல, நெழலு மாதிரி இருந்தியன்னா ஒம் பிள்ளைக்கு அப்பன் மொகம் எப்படித் தெரியும்னேன். அதச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. ஆனா அதுல பொய் ஒண்ணும் இல்லியே.

வந்தான். வலப்பக்கம் வந்து கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னான். கண்ணு மட்டும் அந்தப் பக்கமே போகுது. கடலப் பாருலன்னேன். பாத்தான். அடிச்சேன். அதுதான் அந்தப் படம். ‘உறங்காத கண்கள்’. இன்னொண்ணுன்னேன், அசையாதன்னேன். பைனாகுலர் கோணலா இருக்குன்னு போயி நேராக்கிவிட்டேன். போதும் அண்ணாச்சின்னு ஒரே ஓட்டமா ஓடினான். ஓடுத முதுகு ஒண்ணு விழுந்திருக்கு பிலிம்ல, கலங்கலா. அந்தப் பக்கம் போயிச் சேந்தான். கைய நீட்டிக் கத்துனான். என்ன கத்துனான்னு தெரியல. தமிழ்லதான் கத்துனான், அது மட்டும் தெரியும். எனக்கு மட்டும் வெளங்குத பாசையில.

அப்புறம் தண்ணி.

நான் தண்ணிக்குள்ள கெடந்தாலும் கேமராவ விடல. இது உங்களுக்குத் தெரியாது, சொல்லுதேன். உப்புத் தண்ணி பட்ட பிலிமக் காயவிட்டா போச்சு, தோலு மாதிரி உரிஞ்சிரும். நல்ல தண்ணியில முக்கியே வச்சிருந்து, கொண்டு போயி ஈரத்தோட டெவலப் பண்ணணும். எங்களத் தூக்கிவிட்ட படகுல ஆளுக்கு ஒரு மக்கு குடிதண்ணி குடுத்தாவ. நான் குடிக்கல. ஒரு டின்னுல ஊத்திக் கேமராவ முக்கினேன். பத்தல. பக்கத்துல வெந்துபோன ஒருத்தன் கெடந்தான், அந்த மலையாளத்துப் பையன்தான். அவன் குடிக்கிற நெலமையில இல்ல. உதடு மட்டும் அசஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அவன் பங்கையும் வாங்கி ஊத்திட்டேன். எத்தன பேருக்கு அந்த புத்தி வரும்? எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தானுவ. நான் ஒருத்தன்தான் வேலையப் பாத்தேன்.

விசாரணையா? அதுக்குத்தான் வாரேன். ஒரு ரூமு, பச்சைத் துணி போட்ட மேசை, மூணு ஆபீசரு. ஒரு சிக்னல்காரன் எனக்கு முன்னாலயே சொல்லிட்டான், வெடிக்கதுக்குக் கொஞ்சம் முந்தி திரும்பிப் பாத்தேன், இடப்பக்கத்துல ஆளில்லன்னு. என்கிட்ட கேட்டாவ: நீ மேல இருந்தியா? இருந்தேன் சார். காவல்காரன் அவன் எடத்துல இருந்தானா? இல்ல சார். போகலாம். அவ்வளவுதான். எங்க இருந்தான்னு கேக்கல. யாரு கூப்பிட்டான்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நேவியில கேட்டதுக்குத்தான் பதில், அதுக்கு மேல பேசினா அதிகப்பிரசங்கி. நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் உண்டா? நீங்களே சொல்லுங்க.

பிலிம அவங்ககிட்ட குடுக்கையில அந்த ஒரு படத்த மட்டும் வெட்டிக் குடுத்தேன். மத்தது என்கிட்டயே இருக்கு. இந்த டப்பாவுலதான். அரிசி போட்டு வச்சிருக்கேன், ஈரம் ஏறாம. மூணு படம். இடப்பக்கம் நிக்கிற முதுகு. நடந்து வாரது. நடுவுல வெட்டின எடம். ஓடுறது. ஏன் குடுக்கலன்னா, அதெல்லாம் படமா? கலங்கலு. ஒரு தொழில்காரன் கலங்கலக் கொண்டு போயிக் குடுப்பானா? எப்பவாச்சும் எடுத்துப் பாப்பேன். பாத்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. அதனால பாக்கதில்ல.

ஆனா இப்ப அதுதான் எனக்குச் சாட்சி. வெட்டின ஓரமும் வெட்டின ஓரமும் பொருந்தும்ல? அந்தப் படம் என் பிலிமுல இருந்து போனதுன்னு எந்தக் கொம்பனும் மறுக்க முடியாது. அதத்தான் பேப்பர்லயும் எழுதினேன். எடுத்துக்கிடுங்க, பிலிமையும் சேத்து வச்சு அனுப்புங்க. உங்களுக்கு உங்க அப்பா பேரு, எனக்கு என் பேரு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. உங்க அப்பா எடத்த விட்டு ஓடினவரு இல்ல, போட்டோவுக்கு நிக்கத்தான் போனாரு, திரும்பவும் வந்துட்டாருன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிரும். ரெண்டு பேருக்கும் நல்லதுதான.

ஏன் டீச்சர் அழுவுதீங்க? படத்த நெனச்சா? அழாதீங்க, நல்ல படம் அது.

எழுதி முடிச்சாச்சா? குடுங்க, கையெழுத்துப் போடுதேன். எங்க? என் பேரு மேல இருக்குல்லா, லிகோரி மச்சாது எடுத்த படம்னு? அந்த வரியில என் வெரல வைங்க. ஆமா. சரி. இந்தா போட்டாச்சு. தேதியும் போட்டாச்சு.

கண்ணுல பொரை விழுந்து கெடக்கு, ஒரு தடவ வாசிச்சுக் காட்டிருங்க. டீச்சர் கொரலுல்ல, கணீர்னு இருக்கும்.

ம்.

ம். நாப்பத்து நாலு பேரு. சரி.

இருங்க. அந்த எடத்த இன்னொரு தடவ வாசிங்க.

‘என் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால், மனைவிக்கு அனுப்பும் படம் என்று பொய் சொல்லி, காவலில் நின்ற அவரை வலப்பக்கம் அழைத்தேன். அவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை பிறக்காத குழந்தையைச் சொல்லி அழைத்தேன். அவர் வந்தார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இடப்பக்கத்தைப் பார்க்க ஆளில்லை.’

இவ்வளவுதானா?

இவ்வளவு நேரம் நான் பேசினதுல இதுதான் இருந்துச்சா? இல்ல, தப்பா எழுதல. நான் சொன்னதுதான். ஒரு சொல்லு கூடக்கொறைய இல்ல. ஆனா நான் சொல்லையில இப்படிக் கேக்கலியே டீச்சர். அம்பது வருசமா நான் எனக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல. வெளிச்சத்தப் பத்தி ஒரு வார்த்த எழுதலியே நீங்க. தண்ணியப் பத்தி எழுதியிருக்கீங்க, வெளிச்சத்தப் பத்தி எழுதல.

கீழ என்ன, பேரா? வாசிங்க.

ஏழு பேரும் இருக்கா. அந்த மலையாளத்துப் பையன் பேரு அதுதானா? நான் மறந்தே போனேன். அப்புறம்? அதுக்குக் கீழ? என் கையெழுத்தா? அவங்களுக்கு நேர் கீழயா போடவச்சீங்க?

படத்துக்குக் கீழதான டீச்சர் நான் என் பேரக் கேட்டேன்? இவங்களுக்குக் கீழயா கேட்டேன்?

அந்தக் காயிதத்தக் கொஞ்சம் குடுங்க. கிழிக்கமாட்டேன். ஒரு எடத்துல திருத்திட்டுத் தாரேன். உங்க அப்பா பேரு கல்லுல வரட்டும், நான் வேண்டாங்கல. நான் எந்திரிக்கதுக்குள்ள எங்க போறீங்க? பிலிம வச்சிட்டுப் போங்க. டீயக்கூடத் தொடல நீங்க. ஏ தாயி, வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. அந்தப் படத்துல எனக்குப் பேரு வேண்டாம். எடுத்தவன் யாருன்னு தெரியலன்னே இருந்துட்டுப் போவட்டும்.